காரணம் இருந்தது, பிரமாணம் இல்லை

2006-ம் வருடம் மாசி மாதம், சின்ன காஞ்சிபுரத்தில் நான் பிறந்து வளர்ந்த தெருவில் நடந்தது இது. நான் கல்யாணமாகிப் பெரிய காஞ்சிபுரத்துக்குப் போய் அப்போதே பல வருடம் ஆகியிருந்தது. ஒரே ஊர்தான். பஸ் ஏறினால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேர தூரத்துக்கு என் அப்பாவைக் கொண்டுபோக அன்றைக்கு என்னால் முடியவில்லை. அதைத்தான் எழுதுகிறேன்.

அப்பா கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். அம்மா முன்பே போய்விட்டாள். அப்பா, சித்தப்பா, சித்தி மூன்று பேரும் ஒன்றாக இருந்தார்கள். என் தம்பி அமெரிக்காவில். அப்பாவுக்குப் பொழுது போகட்டும் என்று அவன்தான் ஒரு கம்ப்யூட்டர் வாங்கிக் கொடுத்து, இன்டர்நெட் போட்டு, ஒரு கேள்வி பதில் குழுவில் சேர்த்துவிட்டான். உலகம் பூராவும் இருக்கிற எங்கள் வைஷ்ணவ மனிதர்கள் அதில் இருந்தார்கள். பண்டிகை எப்படிக் கொண்டாடுவது, எந்த நாளில் என்ன சமைக்கக் கூடாது, பட்டுப்புடவையை எப்படி மடிப்பது என்று யாராவது கேட்பார்கள், தெரிந்தவர்கள் பதில் போடுவார்கள். ஆரம்பத்தில் அப்பா மவுஸைப் பிடிக்கவே பயந்தார். ஆறு மாதத்தில் அந்தக் குழுவில் வருகிற பதில்களைச் சரிபார்க்கிற மாடரேட்டராக அவரே ஆகிவிட்டார். அதற்கப்புறம் நான் போனால் காப்பி கொடுத்துவிட்டு நேரே நாற்காலிக்குப் போய்விடுவார். பெண்ணோடு பேசுவதைவிடக் குழுவில் இருக்கிற யாரோ ஒரு சிட்னிக்காரரோடு சண்டை போடுவது அவருக்கு முக்கியம்.

அந்தக் குழுவில் ஒரு விதி உண்டு. ஆதாரம் இல்லாத பதிலை எடுத்துவிடுவார்கள். எந்த நூலில் இருக்கிறது, எந்தப் பெரியவர் எழுதியிருக்கிறார் என்று சொல்லவேண்டும். எங்கள் பக்கம் அதைப் பிரமாணம் என்போம். அந்த விதியைக் கொண்டுவந்தது வேறு யாரும் இல்லை, என் அப்பாதான்.

அவரைக் குறை சொல்லவும் முடியாது. எங்கோ தூர ஊரில் இருந்த ஒரு பெண், அம்மாவின் கல்யாணப் புடவையில் எண்ணெய் கொட்டிவிட்டது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாள். ஒரு புத்திசாலி, எண்ணெயைப் புளிப்பு முறிக்கும், கறையை வெயில் எடுக்கும், ஆகவே எலுமிச்சம்பழம் தேய்த்து வெயிலில் போடு என்று அழகாகக் காரணம் காட்டி எழுதினார். படித்தால் யாருக்கும் சரி என்றுதான் தோன்றும். அவளும் செய்தாள். ஜரிகை கறுத்து, பட்டு வெளுத்து, புடவை போயே போய்விட்டது. அவள் அழுது எழுதியிருந்ததை அப்பா எனக்குப் படித்துக் காட்டினார். “யோசிச்சு சொல்லிட்டான் பாரு, மகா புத்திசாலி. இந்த ஊர்ல பொறந்த எவனையாவது ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பானே” என்று கத்தினார். அன்றைக்கு எழுதிப் போட்ட விதி அது.

அதற்குப் பிறகு வீட்டிலும் அதே பாட்டு. யார் எதைச் சொன்னாலும் “எங்கே இருக்கு?” என்பார். ரசத்தில் உப்பு குறைச்சல் என்று நான் சொன்னாலும் அதே கேள்விதான். எனக்கும் வாய் கொஞ்சம் நீளம், “என் நாக்குல இருக்கு” என்பேன். சித்தப்பா சிரிப்பார்.

அந்த மாசி மாதத்தில் ஒரு நாள் விடியற்காலை சித்தப்பா போன் செய்தார். அப்பா தூக்கத்திலேயே போய்விட்டார். நானும் என் கணவரும் ஆட்டோ பிடித்து ஓடினோம். கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஒரு வேதனையும் இல்லை. யாரோ கம்ப்யூட்டர் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடியிருந்தார்கள்.

தம்பிக்கு நான்தான் போன் செய்தேன். அங்கே அவனுக்கு முதல் நாள் சாயங்காலம். “அக்கா, நான் வர வரைக்கும் வெச்சிண்டிருங்கோ. ஒரு தடவை பார்க்கணும்” என்றான். உடனே கிளம்பினாலும் மறுநாள் நடுராத்திரிதான் சென்னையில் இறங்க முடியும், விடியும் நேரத்துக்குத்தான் காஞ்சிபுரம் வர முடியும். நான் சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எங்கள் தெரு ஞாபகம் வந்தது.

எங்கள் தெருக் கோடியில் ஒரு சின்னப் பெருமாள் கோயில் இருக்கிறது. தெருவில் யாராவது போய்விட்டால், உடலை எடுக்கும் வரை கோயில் கதவைத் திறக்கமாட்டார்கள். பெருமாளுக்குத் தளிகை, அதாவது நைவேத்தியம், கிடையாது. அவர் சாப்பிடாதபோது தெருவில் எந்த வீட்டிலும் அடுப்பு மூட்டமாட்டார்கள். அதனால் எங்கள் தெருவில் சாவு என்றால் மளமளவென்று காரியம் நடக்கும். சென்னையில் இருந்து பிள்ளை வந்து சேர்வதற்குள் எடுத்துவிட்டதெல்லாம் உண்டு. அமெரிக்காவில் இருந்து வருகிறவனுக்காக இரண்டு நாள் வைப்பது என்ற பேச்சுக்கே இடம் இல்லை.

சித்தப்பாவிடம் சொன்னேன். அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “மத்தியானம் வரைக்கும் நான் பார்த்துக்கறேன். அதுக்கு மேல எப்படிம்மா? பெருமாள் பட்டினி, எதிராத்துல குழந்தைகள் பட்டினி” என்றார். அவர் கெட்டவர் இல்லை. அண்ணா இல்லாத அந்தக் கூடத்தில் அவர்தான் எங்கள் எல்லோரையும்விட அதிகமாக அழுதுகொண்டிருந்தார். கோயில் அர்ச்சகர் வாசல்வரை வந்து, ஒன்றும் கேட்காமல் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அவர் கேட்டிருந்தால்கூட எனக்குக் கோபப்பட ஒரு ஆள் கிடைத்திருக்கும்.

ஒன்பது மணி சுமாருக்குத் தம்பி மறுபடி போன் செய்தான், விமான நிலையத்தில் இருந்து. குரலே மாறியிருந்தது. “அக்கா, வழி இருக்கு” என்றான். கிளம்புவதற்கு முன்னால் அப்பாவின் குழுவில், நடந்ததைச் சொல்லி, ஏதாவது வழி உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறான். ஒருவர் பதில் போட்டிருந்தார். குழுவில் அதிகம் எழுதாத ஒருவர், யார் என்று யாருக்கும் தெரியாது. அவர் எழுதியதைத் தம்பி படித்துக் காட்டினான்.

‘தெருவில் உடல் இருப்பதால்தான் பெருமாளுக்குத் தளிகை தடைப்படுகிறது. உடல் தெருவைவிட்டுப் போய்விட்டால் அந்தத் தடை இல்லை. உங்கள் அக்கா வீடு அந்தத் தெருவில் இல்லை. அங்கே கொண்டுபோய் ஐஸ் பெட்டியில் வையுங்கள். நீங்கள் வந்ததும் காரியங்களை அங்கிருந்தே ஆரம்பியுங்கள். பெருமாளும் பட்டினி கிடக்க வேண்டாம், நீங்களும் அப்பாவைப் பார்க்கலாம்.’

இவ்வளவுதான். இவ்வளவு சுலபமானது இங்கே அழுதுகொண்டிருந்த ஒருவருக்கும் தோன்றவில்லை. “நான் ஏறப் போறேன்க்கா, இனிமே பேச முடியாது. யாரும் ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம். டாக்ஸி பிடிச்சு நேரே உங்காத்துக்கு வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

எங்களுக்கு வாடகை வீடு, அந்தத் தெருவில் கோயில் கிடையாது. கீழே வீட்டுக்காரரின் பட்டுக் கடை, அதற்குப் பின்னால் அவர் குடும்பம், மாடியில் நாங்கள். பிணத்தை வீட்டுக்குக் கொண்டு வரட்டுமா என்று யாரிடம் கேட்க முடியும்? கூச்சத்தோடுதான் போன் செய்தேன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், கொஞ்சம் கறார் பேர்வழி. ஆணி அடிக்கக்கூட அனுமதி கேட்க வேண்டும். அவர் ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. “கொண்டாங்கம்மா. மாடி ஏத்தறது கஷ்டம், கீழ எங்க ஹால்லயே வெச்சிக்கலாம். கடைய ரெண்டு நாளு சாத்திடறேன். உங்க நாயனா எனக்கு மட்டும் வேத்து ஆளா?” என்றார். எனக்கு அப்போதுதான் முதல் தடவையாக ஓவென்று அழுகை வந்தது.

என் கணவர் ஓடிப்போய் ஐஸ் பெட்டியோடு ஒரு வேன் ஏற்பாடு செய்துவிட்டார். தாமல் பக்கத்து டிரைவர் ஒருவர் வண்டியைத் தெரு முனையில் கொண்டுவந்து நிறுத்தினார். இனி தூக்கி வைக்க வேண்டியதுதான் பாக்கி.

சித்தப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கவனமாகக் கேட்டார். முகத்தில் ஒரு நிம்மதிகூடத் தெரிந்தது. “நல்ல யோசனையாத்தான் இருக்கு” என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பிப் பார்த்தார். “ஆனா இந்த ஆத்துலேர்ந்து எடுத்தா நேரா கொண்டு போறதுதானே வழக்கம்? நடுவுல இன்னொரு ஆத்துல இறக்கி வெக்கலாமோ? அண்ணா இருந்தா என்ன கேட்டிருப்பான்?”

அண்ணா என்ன கேட்டிருப்பார் என்று அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். இப்போது நினைத்தால் என்மேலேயே எனக்கு ஆத்திரமாக வருகிறது. அந்தக் கேள்வி அப்போது எனக்கும் நியாயமாகவே பட்டது. அப்பாவுக்குச் செய்வதை அப்பாவுக்குப் பிடித்த மாதிரி செய்ய வேண்டாமா? ஒரே ஒரு வரி ஆதாரம் கிடைத்தால் போதும், யார் வாயும் பேசாது என்று நினைத்தேன்.

கம்ப்யூட்டர் மேல் கிடந்த துண்டை எடுத்தேன். “இப்பப் போய் அதுல என்னடி வேலை?” என்றாள் சித்தி. அப்பாவின் நாற்காலியில், அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். குழுவைத் திறந்து, அவருடைய பெண் எழுதுகிறேன், தம்பிக்குச் சொன்ன பதிலுக்கு யாராவது பிரமாணம் தர முடியுமா, மத்தியானத்துக்குள் வேண்டும் என்று எழுதினேன்.

பதில்கள் வந்து குவிந்தன. பாதிப் பேர், அப்பாவைக் குழுவில் எப்போதும் கூப்பிடுகிற மாதிரியே, ‘ஸ்வாமி பரமபதித்தாரா, நம்பவே முடியவில்லை’ என்று அழுதிருந்தார்கள். மீதிப் பேர் அந்தப் பதில் எழுதியவரைப் பிடித்துக்கொண்டார்கள். எந்த நூல் என்று ஒருவர், எந்த உரை என்று இன்னொருவர். இப்படி ஒரு வழக்கத்தைத் தான் கேள்விப்பட்டதே இல்லை என்று ஒருவர். யாருக்கும் அவர்மேல் பகை இல்லை. அப்பாமேல் இருந்த மரியாதைதான் அவர்களை அப்படிப் பேச வைத்தது. ஒருவர் எழுதியிருந்தது அப்படியே எனக்கு ஞாபகம் இருக்கிறது. ‘ஸ்வாமி வைத்த விதியை ஸ்வாமி விஷயத்திலேயே மீறலாமா? அடியேன் வன்மையாக ஆட்சேபிக்கிறேன்.’

அந்த மனிதர் மறுபடி ஒரே ஒரு தடவை எழுதினார். ‘என்னிடம் நூல் இல்லை. காரணம்தான் இருக்கிறது. அதில் தப்பு இருந்தால் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன்.’ தப்பை யாரும் காட்டவில்லை. கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்தைத் திறந்தால் அவருடைய இரண்டு பதில்களும் இல்லை. விதிப்படி எடுத்துவிட்டார்கள்.

நான் திரும்பத் திரும்ப அந்தப் பக்கத்தைத் திறந்துகொண்டிருந்தேன். யாராவது ஒரு வரி போடமாட்டார்களா என்று. எதிர் வீட்டில் குழந்தைகள் பசியில் சிணுங்குவது கேட்டது. டிரைவர் வாசலுக்கு வந்து, “இன்னாமா, எட்த்துக்கினு போலாமா, வேணாமா? வெயில் ஏறிக்கினே போவுதே” என்றார். சித்தப்பா என் பக்கத்தில் வந்து நின்றார். மத்தியானம் ஆகிவிட்டிருந்தது.

“நீதான் பொண்ணு. நீ சொல்லும்மா. உங்காத்துக்குக் கொண்டு போறேன்னு நீ சொன்னா நான் குறுக்க நிக்க மாட்டேன்” என்றார்.

வாய்த்துடுக்கு என்று பெயர் வாங்கினவள் நான். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. கொண்டு போகிறேன் சித்தப்பா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வேன் தெரு முனையில் நின்றுகொண்டிருந்தது. வீட்டுக்காரர் அங்கே கடையைச் சாத்திவிட்டு ஹாலைக் கழுவி வைத்திருந்தார். “பிரமாணம் வரலையே சித்தப்பா” என்றேன். அதுதான் நான் சொன்னது.

அப்பாவை எடுத்தார்கள். சித்தப்பா கொள்ளி வைத்தார். அவர்கள் தெருவைத் தாண்டியதும் கோயில் மணி அடித்தது, ஒவ்வொரு வீடாக அடுப்பு மூட்டினார்கள். நான் வெறும் கூடத்தில் உட்கார்ந்து, தம்பி இப்போது எந்தக் கடலுக்கு மேலே இருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்பா என் வீட்டில் தனக்காகக் காத்திருக்கிறார் என்று நம்பிக்கொண்டு வருகிறான். அவனுக்குச் சொல்ல எந்த வழியும் இல்லை. அவனுடைய போன் அமெரிக்காவைத் தாண்டினால் வேலை செய்யாது, எத்தனை தடவை போட்டாலும் போகவில்லை.

வர வேண்டாம் என்று அவன் சொல்லியிருந்தாலும், பக்குவமாகச் சொல்லி அழைத்துவர என் கணவரை மறுநாள் ராத்திரி ஏர்போர்ட்டுக்கு அனுப்பினோம். இவர் ஒரு வாசலில் நின்றிருக்கிறார், அவன் கூட்டத்தோடு இன்னொரு வாசலில் வெளியே போய்விட்டான். விடியும் நேரத்தில் எனக்குப் போன் வந்தது. எங்கள் வீட்டுக்காரர்தான்.

“அம்மா, உங்க தம்பி வந்து நிக்கறாரும்மா. அப்பா எங்க, மாடியா கீழயான்னு கேக்கறாரு. நான் என்னான்னு சொல்லுவேன்?”

கடைசியில் அவரே சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, அவனைக் கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு அதே டாக்ஸியில் சின்ன காஞ்சிபுரம் வரை வந்தார். தம்பி உள்ளே வந்து, அப்பா கிடந்த இடத்தில் எரிந்துகொண்டிருந்த விளக்கைப் பார்த்துக்கொண்டு நின்றான். நான் அவன் காலைக் கட்டிக்கொண்டு அழுதேன். அவன் என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். திட்டவில்லை. பிறகு மெதுவாகக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, குழுவில் வந்திருந்த எல்லாவற்றையும் முதலில் இருந்து படித்தான்.

“அவர் எழுதினதுல தப்பு எங்க இருக்குன்னு யாராவது சொன்னாளாக்கா?” என்று கேட்டான்.

“இல்லைடா” என்றேன்.

“நீ பார்த்தியா, தப்பு இருக்கான்னு?”

நான் பார்க்கவே இல்லை. ஆதாரம் வருகிறதா என்று மட்டும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். காலையில் இருந்து மத்தியானம் வரை அந்தக் கணினி முன்னால் உட்கார்ந்திருந்தும், அவர் சொன்ன காரணம் சரிதானா என்று ஒரு நிமிஷம்கூட நானாக யோசிக்கவில்லை. கணக்கு வாத்தியார் பெண் நான்.

காரியங்கள் எல்லாம் முடிந்து தம்பி ஊருக்குத் திரும்பிய பிறகு, அந்த மனிதருக்கு நான் தனியாக ஒரு மெயில் எழுதினேன். அவர் பதிலை எடுத்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். நீங்கள் சொன்னபடி நாங்கள் செய்யவில்லை, தம்பி பார்க்கவில்லை என்று நடந்ததையும் எழுதினேன். ஒரு வாரம் கழித்துப் பதில் வந்தது.

‘எந்தப் புத்தகத்தில் இருக்கிறது என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். உனக்கு எப்படித் தெரியும் என்று யாராவது கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். எங்கள் ஊரிலும் இதே வழக்கம்தான். நான் போய்ச் சேர்வதற்குள் என் அப்பாவை எடுத்துவிட்டார்கள். வேறு என்ன செய்திருக்கலாம் என்று அதற்குப் பிறகு பல வருடம் யோசித்துக்கொண்டே இருந்தேன். அப்படி யோசித்ததைத்தான் உங்கள் தம்பிக்கு எழுதினேன். அவராவது பார்த்துவிடுவார் என்று நினைத்தேன்.’

அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பதில் மெயில் எழுத நாலைந்து தடவை உட்கார்ந்தேன். என்ன எழுதினாலும் பொய்யாகத் தோன்றியது, எழுதாமலே விட்டுவிட்டேன்.

அப்பா வைத்த விதி தப்பு என்று நான் இன்றைக்கும் சொல்லமாட்டேன். அந்தப் பெண்ணின் புடவையை நினைத்தால், ஆதாரம் கேட்பது எத்தனை அவசியம் என்று எனக்குத் தெரியும். தெரியாத ஒருவர் அழகாகப் பேசுகிறார் என்பதற்காக அவர் பேச்சைக் கண்ணை மூடிக்கொண்டு கேட்கவும் கூடாதுதான். ஆனால் ஆதாரம் இல்லை என்றால், சொன்ன காரணத்தை எடுத்துப் பார்க்கிற வேலை நம் தலையில் விழுகிறது. எங்கே ஓட்டை என்று தேடவேண்டும், சொன்னவரையே கேட்கவேண்டும், அப்புறம் ஒரு முடிவு எடுத்து அதற்கு நாமே பொறுப்பாகவும் வேண்டும். அந்தப் பொறுப்புக்குப் பயந்துதான் நான் பிரமாணத்தின் பின்னால் ஒளிந்துகொண்டேன் என்று இப்போது தோன்றுகிறது. பதில் வேறு யாரிடம் இருந்தும் வர வேண்டியிருக்கவில்லை, சித்தப்பா என்னைத்தான் கேட்டார், நான் வாயைத் திறந்து சரி என்று சொல்லியிருந்தால் என் தம்பி அப்பாவின் முகத்தைப் பார்த்திருப்பான்.